நுரை நிற்கும் வரை

நாற்காலியின் முன்கால்கள் இரண்டும் அந்தரத்தில் நிற்க, பின்கால்களை மட்டும் தரையில் ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார் அக்கா. மரச்சாமான் கடைக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நூலகத்துக்கு நாற்காலி வாங்க நகராட்சியிலிருந்து வந்திருக்கிறார்களே என்று ஓடிவந்து வரவேற்றவர்தான் அவர். இப்போது ஒவ்வொரு கிறீச் சத்தத்துக்கும் அவருடைய முகம் சுருங்கியது.

"மேடம், அது ஆடற நாற்காலி இல்ல."

"தெரியும். ஆனா படிக்க வர்ற பிள்ளைங்க ஆடத்தான் செய்யும்." கண்ணைத் திறக்காமலே சொன்னார். "நீங்க உங்க வேலையைப் பாருங்க. உடைஞ்சா கூப்பிடறேன்."

நகராட்சியின் கொள்முதல் பிரிவுக்கு அவர்தான் அதிகாரி. பதவியின் முழுப்பெயர் நீளமானது; யாரும் அதைச் சொல்வதில்லை. வியாபாரிகள் முதல் நகர்மன்றத் தலைவர் வரை எல்லோருக்கும் அவர் சாம்பிள் அக்கா. துடைப்பமோ தெருவிளக்கோ, எதை விற்க வந்தாலும் விலைப்பட்டியலை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கையை நீட்டுவார். "சாம்பிள் கொடுங்க. பாத்தாத்தான் தெரியும்." கொடுத்த சாம்பிள் அலுவலகத்தில் தங்காது, கைப்பையில் ஏறி வீட்டுக்குப் போய்விடும். அவர் வீட்டுக் குளியலறைத் தரை பாதி ஒரு திரவத்தாலும் மறுபாதி இன்னொன்றாலும் கழுவப்பட்டு இரண்டு நிறத்தில் இருக்கிறது. மட்கிப்போகும் என்று சத்தியம் செய்து கொடுத்த குப்பைப் பைகள் ரோஜாத் தொட்டிகளில் புதைக்கப்பட்டு, தாங்கள் மட்காமல் ரோஜாவை மட்டும் சாகடித்தன. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவருடைய கணவர், வீட்டுக்கு வருகிறவர்களிடம் பெருமூச்சோடு சொல்வார்: "இந்த வீட்டுல சாம்பிள் பாக்காம வாங்கின ஒரே பொருள் நான்தான்."

"அதான் திருப்பிக் கொடுக்க முடியல," என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

சில வருஷங்களுக்கு முன் நகர்மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. இனி நகராட்சி எதை வாங்கினாலும், அது எப்படித் தயாராகிறது, தீர்ந்தபின் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்து, மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காததாக வாங்க வேண்டும். உறுப்பினர்கள் கை தூக்கினார்கள், கை தட்டினார்கள், தேநீர் குடிக்கப் போனார்கள். தீர்மானத்தை நிஜமாகவே நம்பியவர் சாம்பிள் அக்கா ஒருவர்தான். தெருவிளக்கு மாறியது. பள்ளிக்கூடங்களில் தரை துடைக்கும் மருந்து மாறியது. மறுசுழற்சிக் காகிதம் பழுப்பு நிறத்தில் வந்து இறங்கியபோது வரிப் பிரிவுக் கணக்கர், "இது எழுதறதுக்கு முன்னாடியே பழைய ரெக்கார்டு மாதிரி இருக்கே" என்று முனகினார். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. முனகலெல்லாம் அவருக்குப் பழகிப்போன ஒன்று. பயம்தான் பழக்கமில்லை. அது நுரையோடு வந்தது.

எண்ணெயோ பெட்ரோலோ பெயிண்டில் கலக்கும் தின்னரோ பற்றிக்கொண்டால் வெறும் தண்ணீரை அடித்துப் பயனில்லை. நுரை அடித்துப் போர்வை போல மூடி, காற்றுப் படாமல் தீயை மூச்சு முட்ட வைக்க வேண்டும். நகராட்சித் தீயணைப்பு நிலையம் பல காலமாக ஒரே வகை நுரையைத்தான் வைத்திருந்தது. கெட்டிக்கார நுரை. எப்படி அடித்தாலும் தீயின் மேல் வழுக்கிப் பரவி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அமுக்கிவிடும். ஆனால் அதிலிருக்கும் ரசாயனம் மண்ணுக்குள் போனால் போனதுதான், மட்கவும் செய்யாது, மறையவும் செய்யாது. நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பயிற்சி மைதானத்தில் வாரம் தவறாமல் அடித்த நுரையெல்லாம் மெல்ல இறங்கி, பக்கத்துத் தெருவின் கிணறுகளில் போய்த் தங்கிவிட்டது. தண்ணீரைச் சோதித்தவர்கள் வந்து கிணறுகளை மூடச் சொன்னார்கள்.

அக்கா அந்தத் தெருவுக்குப் போய்ப் பார்த்தார். கிணற்றின் மேல் சிமென்ட் பலகை போட்டு மூடியிருந்தார்கள். பலகையின் மேல் குழந்தைத் துணிகள் காய்ந்தன. யாரும் அவரைத் திட்டவில்லை. ஒரு வீட்டம்மா உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, "லாரித் தண்ணிதாங்க, தைரியமா குடிங்க" என்றார். அந்த ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் அக்காவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மறுநாளே அந்த ரசாயனம் கலக்காத புதுவகை நுரைகளுக்குச் சாம்பிள் கேட்டு ஆள் அனுப்பினார்.

அதே நிலையத்தில்தான் அவருடைய தம்பி வேலை பார்த்தான். நாசில் பிடிக்கிற ஆள். அதாவது குழாயின் முனையைக் கையில் வைத்துக்கொண்டு தீக்கு நேர் எதிரே நிற்கிறவன். அம்மா இல்லாத வீட்டில் அவனுக்குத் தலை சீவிவிட்டு, காய்ச்சலில் கூடவே கிடந்து ஆளாக்கியவர் அக்கா. தெருக்காரர்களின் கிணற்றுக்காக நுரையை மாற்றினால், அந்த நுரையை நம்பி நிற்கப் போகிறவன் அவன்தான். இந்த எண்ணம் வந்த நாளிலிருந்து சாம்பிள் பார்ப்பது அவருக்கு விளையாட்டாக இல்லாமல் போனது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறைத் தரையில் வாளிகளை வரிசையாக வைத்து, முட்டை அடிக்கும் கரண்டியால் நுரை எழுப்பி, பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார். எது சீக்கிரம் அடங்குகிறது, எது எந்தப் பக்கத்திலிருந்து கரைகிறது என்று வைத்த கண் வாங்காமல் பார்ப்பார். ஒரு வாளியின் பக்கத்தில் சூடான இஸ்திரிப்பெட்டியை ஒட்டவைத்துக்கூடப் பார்த்தார். "சாப்பாடு?" என்று எட்டிப் பார்த்த கணவரிடம், "இது விழட்டும், அப்புறம் வரேன்" என்றார். கணவர் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு இவருக்கும் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார். நுரை அப்போதும் விழவில்லை.

பயிற்சி மைதானத்தில் சோதனை நடந்தது. இரும்புத் தொட்டியில் பெட்ரோல் ஊற்றிப் பற்ற வைத்தார்கள். முதல் சாம்பிள் நுரையைத் தம்பி அடித்தான். தீ படுத்தது போல நடித்துவிட்டு, நுரையைக் கிழித்துக்கொண்டு மறுபடி எழுந்தது. இரண்டாவது சாம்பிளை நேராக அடிக்காமல், தொட்டியின் பின்சுவரில் மோதவிட்டு மெதுவாக வழியவிட்டான். அது பரவியது. மூடியது. நின்றது.

நிலைய அதிகாரி கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற அதிக காலமில்லாத மனிதர்; புருவம் இருந்த இடத்தில் ஒரு பழைய தீக்காயத் தழும்புதான் இருக்கும்.

"நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்குங்க. இங்க நெருப்பு மரியாதையா இருக்கும். நாம வெச்ச இடத்துல எரியும். வெளிய அப்படி இருக்காது."

"அப்ப பழசே இருக்கட்டுங்கறீங்களா சார்?"

"நான் அப்படிச் சொல்லல. இதை அடிக்கறதுக்குக் கை பழகணும், பழைய நாசில் சரிப்படாது, புதுசு வேணும். வண்டி ரெண்டுக்கும் வேணும். ஃபோமை மட்டும் வாங்கிக் கொடுத்துட்டுப் போயிடாதீங்க."

அக்கா அதை அப்படியே நகர்மன்றத்தில் சொன்னார். தலைவர் பொறுமையாகக் கேட்டார். நுரை வாங்கலாம், தீர்மானம் இருக்கிறது, பத்திரிகையில் போடலாம். நாசில் இப்போதைக்கு ஒரு வண்டிக்குப் போதும், இன்னொன்று அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அக்கா எழுந்து நின்று வாதாடினார், குரல்கூட உயர்ந்தது. ஆனால் தலைவர் சிரித்துக்கொண்டே, "அக்கா, அதுலயும் சாம்பிள்னு வெச்சுக்குங்களேன்" என்றதும் சபையே சிரித்தது. கிடைத்தவரை லாபம் என்று அவரும் உட்கார்ந்துவிட்டார். பழைய நுரை நிலையத்தை விட்டு வெளியேறியது. புதுசு வந்தது, ஒரே ஒரு புது நாசிலோடு. அதைத் தம்பியின் கையில் கொடுத்தார்கள்.

தின்னர் கிடங்கு பற்றிக்கொண்ட அன்று பிற்பகல், அக்கா சாம்பிளுக்கு வந்த பிரிண்டர் மைக் கூடுகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் தீயணைப்பு வண்டிகளின் சங்கு கேட்டது. பிறகு நடைபாதையில் ஓடுகிற காலடிகள். ஜன்னலுக்கு வந்து பார்த்தபோது, ஊரின் விளிம்பில், வாய்க்காலுக்குப் பக்கத்தில், தார் ஊற்றியது போல் ஒரு புகை நேராக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"பெயிண்ட் குடோன்," என்றார் கணக்கர். வழக்கமான கிண்டல் அவர் குரலில் இல்லை. "உள்ள பூரா தின்னர் டிரம்மு."

அக்கா மைபடிந்த விரல்களோடே ஸ்கூட்டரை எடுத்தார். வழியெல்லாம் அவர் மனதில் ஒரே காட்சிதான் ஓடியது: மைதானத்தில், முதல் சாம்பிளைக் கிழித்துக்கொண்டு எழுந்த தீ. அது வேறு நுரை, வேறு நுரை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நெஞ்சு கேட்கவில்லை.

கிடங்குக்கு முன்னால் கயிறு கட்டிக் கூட்டத்தைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். கயிற்றருகே நின்றாலே முகத்தில் அனல் அறைந்தது. உள்ளே டிரம்கள் ஒவ்வொன்றாக வெடிக்கும் சத்தம், யாரோ இரும்புக் கதவை உதைப்பது போல. திறந்த வாசல் வழியே தரை முழுவதும் தீ ஓடுவது தெரிந்தது. வாசலில் தலைக்கவசங்கள் அசைந்தன. எது தம்பி என்று அடையாளம் தெரியவில்லை. பிறகு குழாயைத் தோளில் ஏற்றிப் பிடிக்கும் விதத்தைப் பார்த்துக் கண்டுகொண்டார். இடது தோளைச் சற்றுத் தாழ்த்தி நிற்பான்.

யாரோ அவர் கையைப் பிடித்தார்கள். தம்பியின் மனைவி. காலில் ஜோடி மாறிய செருப்புகள்.

"அண்ணி, உள்ள அவர் இருக்காரா?"

"வாசல்ல நிக்கறான். அதோ."

"அந்த புது ஃபோம்தானே அடிக்கறாங்க?" அவள் கண்ணை எடுக்காமல் கேட்டாள். "அது நிக்குமா அண்ணி?"

எத்தனையோ விற்பனையாளர்களிடம் அக்கா கேட்ட கேள்வி அது. அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு நொடிகூட யோசிக்காமல் நிற்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். தம்பி மனைவியின் பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வதை உணர்ந்தார்.

வெள்ளை நுரை பின்சுவரில் மோதி வழிய ஆரம்பித்தது. தரையில் ஓடிய தீ வாசல் பக்கம் கறுத்துச் சுருங்கியது. கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். ஆனால் பக்கவாட்டில் நின்ற இரண்டாவது வண்டியின் குழாயிலிருந்து வந்தது நுரையாகவே இல்லை. பழைய நாசில் என்பதால் சோப்புத் தண்ணீர் போல நீர்த்து விழுந்து, தீயில் பட்ட கணமே காணாமல் போனது. அதைப் பிடித்திருந்த இருவரும் அங்குலம் அங்குலமாகப் பின்வாங்குவதை அக்கா பார்த்தார். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்ற வார்த்தை அவர் காதில் தெளிவாகக் கேட்டது. அன்று உட்காராமல் இருந்திருக்கலாம்.

அப்போது பக்கத்து ஊரின் தீயணைப்பு வண்டி வந்து நின்றது. அந்த ஊரில் இன்னும் பழைய நுரைதான். கிடங்கின் கழிவுநீர்க் கால்வாய் நேராக வாய்க்காலில் போய் விழுகிறது. வாய்க்கால் தண்ணீரைத்தான் கீழே இருக்கிற குடியிருப்புகள் எல்லாம் நம்பியிருக்கின்றன. நிலைய அதிகாரி அந்த வண்டியை நோக்கி, அடிக்காமல் பொறுக்கும்படி கையைக் காட்டினார். சுற்றும் முற்றும் பார்த்தார். அவர் கண் அக்காவின் மேல் விழுந்தது. கயிற்றை நோக்கி ஓடி வந்தார்.

"சீக்கிரம் சொல்லும்மா." 'மேடம்' என்ற அழைப்பு எங்கோ போய்விட்டது. "இந்த ஃபோம் எவ்வளவு நேரம் தாங்கும்? கம்பெனிக்காரன் சொன்னது வேணாம். நீ பாத்ததைச் சொல்லு."

அக்கா வாசலைப் பார்த்தார். "சார், உள்ள ஆளுங்க நிக்கறாங்க. வாய்க்காலைப் பாக்காதீங்க. பழசையே அடிச்சுடுங்க."

எத்தனை பேரோடு சண்டை போட்டு வாங்கிய நுரையை ஒரே வாக்கியத்தில் அவரே கைவிட்டார். அதிகாரி அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

"அதை நான் முடிவு பண்ணிக்கறேன். நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. நிக்குமா, நிக்காதா?"

"நிக்கும். ஆனா மேல மேல போட்டுக்கிட்டே இருக்கணும். போடறதை நிறுத்தினா நடுவுல போகாது, ஓரத்துலதான் முதல்ல நுரை விட்டுப்போகும். சூடான இரும்பு இருக்கற ஓரத்துல."

"நிச்சயமா?"

"நான் பாத்த வரைக்கும் அப்படித்தான்."

அதிகாரி திரும்பிக் கிடங்கைப் பார்த்தார். இடதுபுறம் முழுக்க இரும்புத் தகட்டுச் சுவர், பழுத்துச் சிவந்துகொண்டிருந்தது. அந்தச் சுவருக்கும் வாசலுக்கும் நடுவில்தான் இரண்டாவது வண்டியின் ஆட்கள் இருவரும் நின்றார்கள். அங்கே நுரை விலகினால் தீ அவர்களுக்குப் பின்னால் சுற்றி வந்துவிடும். அவர் ஓடினார். வாசலில் இருந்தவனின் தோளைத் தட்டி, இடது சுவரைக் கையால் காட்டினார். நல்ல நாசில் ஒன்றுதான். அதைப் பிடித்திருந்தவனும் ஒருவன்தான்.

இடது தோளைத் தாழ்த்திக்கொண்டு தம்பி அந்த ஓரத்தை நோக்கி நடந்தான்.

"நீங்க என்ன சொன்னீங்க அவர்கிட்ட?" தம்பி மனைவியின் குரல் அடங்கி வந்தது.

அக்கா தம்பியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, உங்களைத்தான் கேக்கறேன். என்ன சொன்னீங்க? அவர் ஏன் அங்க போறார்?"

புகை ஒரு புரளல் புரண்டு எல்லாவற்றையும் மறைத்தது. பக்கத்து ஊர் வண்டியின் குழாய் தயாராக நீண்டிருந்தது. அதைப் பிடித்தவர்கள் அதிகாரியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை அசையவில்லை. கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்த அக்காவின் உள்ளங்கை எரிந்தது, விடத் தோன்றவில்லை. புகைக்குள் ஒரு மஞ்சள் வெளிச்சம் குபீரென்று எழுந்தது. ஆண்குரல் ஒன்று கத்தியது. தம்பி மனைவி கயிற்றுக்கு அடியில் குனிந்து ஓடப் பார்த்தாள். இரண்டு பேர் அவளைப் பிடித்து நிறுத்தினார்கள். பிறகு வெள்ளை. சுவரோரம் முழுக்க வெள்ளை வழிந்தது, நின்றது, அதன் மேல் இன்னும் வழிந்தது. இரண்டாவது வண்டிக்காரர்கள் இருவரும் முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து வெளியே வந்து சேர்ந்தார்கள்.

தீ அடங்க வெகுநேரம் பிடித்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் குழாயைச் சுருட்டி வைத்துவிட்டுத் தண்ணீர் மட்டும் கொடுத்து உதவினார்கள். அதற்கு முன்பே தம்பியை ஆம்புலன்ஸில் ஏற்றியிருந்தார்கள். வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வெந்துவிட்டது. கூடவே மனைவி ஏறினாள். அக்காவும் ஏறப் போனபோது, அவள் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

அதன் பிறகு அவள் அக்காவிடம் பேசவில்லை. மருத்துவமனைக்கு அக்கா போகும்போதெல்லாம் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவாள். அவள் வந்து விடுவாளோ என்ற பயத்தில் அக்காவும் கட்டில் ஓரத்தில் பட்டும் படாமலும் உட்கார்ந்திருப்பார். தீ விபத்தைப் பற்றிப் பேச நகர்மன்றம் கூடுவதற்கு முதல் நாள், மனதில் இருந்ததைத் தம்பியிடம் சொன்னார்.

"விட்டுடலாம்னு இருக்கேன்டா. நாளைக்குக் கூட்டத்துல பழசே வாங்கிக்குங்கன்னு சொல்லிடறேன்."

"ஏன்?"

"ஏன்னு கேக்கற? உன் கையைப் பாரு."

தம்பி கட்டுப் போட்ட கையைத் தலையணையில் நகர்த்தி வைத்துக்கொண்டான். "அக்கா, சார் என்கிட்ட சொல்லிட்டார், ஓரம்னு சொன்னது நீதான்னு. சரியான இடம். நான் போய்ச் சேரும்போது அங்க நுரை விட்டுப்போக ஆரம்பிச்சிருந்துச்சு. தீ அந்த ரெண்டு பேருக்கும் பின்னாடி வந்திருக்கும்."

"பழசா இருந்தா விட்டிருக்காது இல்ல?"

"விட்டிருக்காது," என்றான் உடனே. பொய் சொல்லத் தெரியாதவன். "ஆனா அந்தப் பழசுல நான் வருஷக்கணக்கா குளிச்சிருக்கேன்க்கா. சட்டையெல்லாம் நனைஞ்சு, சாப்பிடற கையெல்லாம் அதோட. கிணத்துல இருக்கறது என் உடம்புல இருக்காதா? அதை யாரும் கட்டுப் போட்டு ஆத்த முடியாது. இன்னொரு நாசில் இருந்திருந்தா இந்தக் கையும் மிச்சம். அதைப் போய்ச் சண்டை போட்டு வாங்கு. இந்தத் தடவை உக்காந்துடாத."

கதவருகே நிழல் ஆடியது. பிளாஸ்கோடு நின்றிருந்த தம்பி மனைவி, எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை, உள்ளே வராமல் திரும்பிப் போனாள்.

கூட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. ஓர் உறுப்பினர் மேசையைத் தட்டி, பசுமை பசுமை என்று சொல்லி ஒரு பையனைப் பொசுக்கிவிட்டீர்களே என்றார். அக்கா தலையைக் குனிந்துகொள்ளவில்லை, நிமிரவும் முடியவில்லை. நிலைய அதிகாரியைப் பேசச் சொன்னார்கள். எல்லோரும் எதிர்பார்த்தது ஒன்றைத்தான். அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பழைய ஃபோமா இருந்தா சீக்கிரம் அணைஞ்சிருக்கும். அதை நான் மறைக்க மாட்டேன். ஆனா இது அணைக்காதுன்னும் சொல்ல மாட்டேன். அணைச்சிருக்கு. ஒரு நாசிலை வெச்சுக்கிட்டு அணைச்சிருக்கு. வாய்க்கால்ல இன்னிக்கு ஜனங்க தண்ணி எடுத்துக்கிட்டிருக்காங்க. ரெண்டு வண்டிக்கும் நாசில் கொடுங்க, என் பசங்களுக்குப் பழக நாள் கொடுங்க. கொடுக்க முடியாதுன்னா பழசுக்கே போங்க. பாதி வேலை மட்டும் வேணாம். அதுலதான் ஆள் சாவான்."

தலைவர் அக்காவைப் பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

"அன்னிக்கு நீங்க சிரிச்சதும் நான் உக்காந்துட்டேன்," என்றார் அக்கா. "அதுக்கு நான்தான் பொறுப்பு. இன்னிக்கு முடிவு தெரியாம உக்கார மாட்டேன்."

நின்றுகொண்டே இருந்தார். விவாதம் அவரைச் சுற்றி நடந்தது, தடித்தது, ஓய்ந்தது. கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள்: புது நாசில்களை வரவழைத்து, உறுப்பினர்கள் முன்னிலையில் இன்னொரு சோதனை, அது தேறினால் இரண்டு வண்டிக்கும் வாங்குவது. கூட்டம் கலையும் நேரத்தில் அதிகாரி எழுந்து இன்னொன்று கேட்டார்.

"சோதனைல நாசிலை என் ஆளுங்க பிடிச்சா, பழகின கைன்னு சொல்லிடுவீங்க. பழகாத ஒரு கை பிடிக்கணும்."

யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. "நான் பிடிக்கறேன் சார்," என்றார் அக்கா.

சோதனை நாளன்று காலையிலேயே பயிற்சி மைதானத்தைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. கிணறு மூடிய தெருவிலிருந்தும் சிலர் வந்து மதிலோரம் நின்றார்கள். கணவர் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். மனைவியின் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். இரும்புத் தொட்டி முன்பைவிடப் பெரியது. அதில் பெட்ரோல் ஊற்றுகிறவன் ஊற்றிக்கொண்டே இருந்தான்.

அக்காவுக்குக் கொடுத்த அங்கி யாரோ வாட்டசாட்டமான ஆளுடையது. கைகள் விரல் நுனி தாண்டித் தொங்கின, மடித்துவிட்டார்கள். பூட்ஸுக்குள் இரண்டு ஜோடி காலுறை போட்டும் கால் நீச்சலடித்தது. நாசிலைக் கையில் வாங்கியபோதுதான் அதன் கனம் தெரிந்தது. கொள்முதல் பிரிவில் மேசை மேல் வைத்துப் பார்த்தபோது அது இவ்வளவு கனக்கவில்லை; அப்போது உள்ளே தண்ணீர் இல்லை.

"சுவர்ல அடிக்கணும். அவசரப்படக் கூடாது. பயம் வந்தா நேரா அடிக்கத் தோணும், அடிச்சுடாதீங்க," என்றார் அதிகாரி.

"எனக்கு இப்பவே பயமாத்தான் இருக்கு சார்."

"நல்லது."

தம்பி வந்திருந்தான். கை கழுத்துத் தூளியில் தொங்க, கயிற்றுக்கு அப்பால் நின்றான். அவன் பக்கத்தில் அவள். கயிற்றுக்கு இந்தப் புறம் இருந்துகொண்டு அவர்களைப் பார்ப்பது அக்காவுக்கு விநோதமாக இருந்தது. புன்னகை செய்யலாமா வேண்டாமா என்று தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பற்ற வைக்கிறவன் நீளக்கோலின் நுனியில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"ஒரு நிமிஷம்," என்று ஒரு பெண்குரல் கேட்டது.

தம்பியின் மனைவி கயிற்றைத் தூக்கி அடியில் நுழைந்து வந்தாள். யாரும் தடுக்கவில்லை. நேராக அக்காவின் எதிரில் வந்து நின்றாள். முகத்தைப் பார்க்கவில்லை, அங்கியைத்தான் மேலிருந்து கீழாகப் பார்த்தாள். எத்தனையோ நாள் வேலைக்குக் கிளம்புகிற கணவனுக்குப் பார்த்துப் பழகிய கண். கழுத்துப்பட்டை மடங்கித் திறந்து கிடந்தது. அதைப் போட வேண்டும் என்று அக்காவுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவள் பட்டையை இழுத்து, உள்ளே மாட்டிக்கொண்டிருந்த முடிக்கற்றையை விரலால் ஒதுக்கினாள்.

இரண்டு கையிலும் நாசிலைப் பிடித்திருந்த அக்கா, அவள் அதை இறுக்கிப் போட வசதியாக, தாடையை மெல்ல உயர்த்திக் கொடுத்தார்.